எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். “எண்ணே, வெள்ளி, சனி ரெண்டு நாள் மெட்ராஸ்லதான் இருப்பேன். நல்ல சாப்பாட்டுக் கடையா நாலு சொல்லுங்க.” கடை பெயர் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் முதலில் வாயில் வந்த கேள்வி வேறு. “எத்தனை மணிக்கு எங்க இருப்ப, அதைச் சொல்லு.”

அவனுக்குப் புரியவில்லை. எனக்கே புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. வேலைக்கு வந்த புதிதில் நானும் தாளில் கடைப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்த் தேடிப் போனவன்தான். பல நாள் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ்ஸுக்கு முதல் முறை போனபோது மணி பதினொன்று. காலைப் பொங்கலும் வடையும் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தன. மறுநாள் ஏழு மணிக்கே போய் நின்றேன். சின்ன இடம். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. வெளியே காத்திருந்தவர்கள் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் இலையில் ஆவி பறக்க வந்த பொங்கலும், பச்சை மிளகாய்க் காரம் ஏறிய அந்தக் கெட்டிச் சட்னியும் பதினொரு மணிக்குக் கிடைக்கவே முடியாதவை என்று அன்றைக்குத் தெரிந்தது. சட்னி ஆறினால் ஆள் மாறிப்போகும்.

அன்றிலிருந்து இந்த ஊரை நான் கடை வாரியாக நினைவில் வைப்பதில்லை, மணி வாரியாகத்தான். சாயங்காலம் ஆறு மணி என்றால் என் கால் தானாகச் செகண்ட் லைன் பீச்சுக்குப் போகும்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி உள்பக்கம் போகிற தெரு அது. பெயரில் பீச் இருக்கிறதே தவிர கடலைக் காண முடியாது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கடல் இங்கேதான் வந்து மோதிக்கொண்டிருந்தது. இன்றைய ராஜாஜி சாலை அப்போது ஃபர்ஸ்ட் லைன் பீச், அதற்குப் பின் தெரு செகண்ட் லைன் பீச். கடல் தள்ளிப் போய்விட்டது, பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. வங்கிகளும் கப்பல் கம்பெனி ஆபீஸ்களும் விட்டு ஜனம் ஸ்டேஷனைப் பார்த்து நடக்கிற நேரத்தில், தெரு ஓரத்தில் அத்தோ வண்டிகளைச் சுற்றி ஆள் கூடத் தொடங்கும்.

அத்தோவைக் கடைக்காரர் கலக்குவதை நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ் ஒரு தட்டில் மலையாகக் குவிந்திருக்கும். அதில் ஒரு கை அள்ளி அலுமினியப் பேசினில் போடுவார். மேலே ஊசி ஊசியாய் நறுக்கிய முட்டைக்கோஸ். சிவக்க வறுத்த வெங்காயம் ஒரு பிடி. பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி. புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த் தூள், உப்பு. ஒரு பேஜோவை எடுத்து உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். பேஜோ என்பது நம் தட்டைக்குத் தம்பி மாதிரி. பிறகு எலுமிச்சம்பழத்தை ஒரு பிழி. இத்தனையும் போட்ட பின் கரண்டி எதுவும் கிடையாது, ஐந்து விரலும் உள்ளே போகும். நாலு புரட்டு, இரண்டு உதறு, தட்டில் விழுந்துவிடும். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூப், மிளகு வாசனையோடு. கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள், அதற்குக் காசு கிடையாது.

பர்மிய மொழியில் ‘அத்தோ’ என்றால் கலந்து பிசைந்தது என்றுதான் பொருள். அந்தக் கையின் வேலைதான் பண்டத்தின் பெயர்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொன்னவர் என் நண்பனின் அம்மா. ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆக்கியது. 1964-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாய் அங்கே கடை வைத்திருந்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வயல் பார்த்தவர்கள் என்று பெருந்திரளாய் இந்தியர்கள் கப்பலேறினார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் பத்து வயதுப் பெண்ணாக அம்மாவும் ஒருத்தி. வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். 1969-ல் துறைமுகத்தை ஒட்டி, அவர்கள் வந்து இறங்கிய கரையிலேயே, கடை போட்டுக்கொள்ள அரசு இடம் கொடுத்தது. அதுதான் பர்மா பஜார். சாமான் விற்கிறவர்கள் பகலெல்லாம் நின்றால் சாயங்காலம் பசிக்குமே. பின் தெருவில் அத்தோ வண்டிகள் வந்தன.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அங்கே சாப்பிட்டதும் இங்கே சாப்பிடுவதும் ஒன்றுதானா என்று.

“எங்க தம்பி ஒண்ணு! அங்க இறால் காயவச்சு இடிச்சுத் தூளாக்கிப் போடுவாங்க. வறுத்த கடலை மாவு போடுவாங்க. இந்தக் கலர் எல்லாம் கிடையாது. இங்க வந்தப்போ கருவாட்டு வாசனை வந்தா பாதிப் பேர் கிட்ட வர மாட்டான். எல்லாரும் சாப்பிட்டாத்தானே பொழைக்க முடியும்? எடுத்துட்டோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், “பூண்டு எண்ணெய் மட்டும் அதேதான். கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா அது ஒண்ணு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவும்.”

மொய்ங்கா கதையும் அப்படித்தான். அங்கே கெளுத்தி மீனைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பில் அரிசி நூடுல்ஸ். பெரும்பாலான வண்டிகளில் இப்போது மீன் இல்லை, வாழைத்தண்டு மிஞ்சியிருக்கிறது. முட்டை மசாலா மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. அவித்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் திணித்து, புளித்தண்ணீர் சொட்டவிட்டுத் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடிக்கப் பார்த்தால் சட்டை போய்விடும்.

இதை எழுதும்போது இன்னொரு மாலை நினைவுக்கு வருகிறது. சில வருஷங்களுக்கு முன் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு தனியார் உணவுத் திருவிழா. நுழைவுக் கட்டணம் கொடுத்து, தனியாக டோக்கன் வாங்கி, அம்மாவையும் நண்பனையும் ஆசையாகக் கூட்டிப் போனேன். ‘அத்தோ’ என்று பலகை பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். கிடைத்தது மதியமே கலந்து டப்பாவில் அடைத்து வைத்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு, பேஜோ ஊறிப்போய், வெங்காயம் சவசவ என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதியை மூடி வைத்துவிட்டு, “வெயில்ல பாவம், அந்தப் பொண்ணு எத்தனை பேருக்குத்தான் கலக்கும்” என்றார். எனக்குத்தான் மனது ஆறவில்லை. கலக்கிய நிமிஷத்திலேயே சாப்பிட வேண்டிய பண்டத்தை பல மணி நேரம் முன்னால் கலக்கி வைத்தால், அதற்கு அத்தோ என்று பெயர் வைக்கலாமா?

உணவுத் திருவிழாவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடை போட்ட உணவுத் திருவிழாவை மனதாரப் பாராட்டுகிறேன். கரூர் தோல் ரொட்டியும் நாமக்கல் பள்ளிபாளையம் சிக்கனும் நீலகிரி ராகிக் களியும் விருதுநகர் கரண்டி ஆம்லெட்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைத்தன. அந்தந்த மாவட்டத்துப் பெண்களே வந்து சமைத்தார்கள். கரண்டி ஆம்லெட்டைக் கரண்டியிலேயே ஊற்றி, அடுப்புக்கு மேல் பிடித்து, நம் கண் முன்னால் பொங்கவிட்டால்தான் அது கரண்டி ஆம்லெட். செய்கிற ஆளும் செய்கிற நேரமும் கூடவே வந்தால் பண்டம் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2022-ல் தீவுத்திடலில் நடந்த திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு முதலில் இடமில்லாமல் இருந்தது. கேள்வி எழுந்த பிறகுதான் கடை வந்தது. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் அன்றாடம் தட்டில் விழுகிற சாப்பாடு அது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்குக் கட்டுப்படியாகிற விலையில் வயிறு நிறைக்கிற கறி. சென்னையின் உணவு என்று பெயர் வைத்துவிட்டு அதை விட்டுவிட்டால், பாதி ஊரை வாசலில் நிறுத்தியதாகத்தான் ஆகும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நேரத்தோடு ஒட்டிய திருவிழா என்றால் இந்த ஊரில் மார்கழி. டிசம்பர் பிறந்ததும் சபாக்களில் கச்சேரியும் கேன்டீனும் சேர்ந்தே தொடங்கிவிடும். காலைக் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு இலைச் சாப்பாடு, நாலு மணிக்கு அடை அவியலும் காப்பியும். டிக்கெட் வாங்காமல் கேன்டீனுக்கு மட்டும் வருகிறவர்களையும் யாரும் தடுப்பதில்லை. ஒரு மாதம்தான். தை பிறந்தால் பந்தல் பிரித்துவிடுவார்கள்.

அதைவிட எனக்கு நெருக்கமான நேரம் ரம்ஜான் மாதத்து அந்தி. திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். மதியத்திலிருந்தே அண்டாவில் நோன்புக் கஞ்சி வேகும். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், புதினா. கைமா போட்டும் செய்வார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கென்று அரசே அரிசி கொடுக்கிறது. பகலெல்லாம் தண்ணீர்கூடப் படாத வயிற்றுக்கு இதைவிட இதமான ஒன்றை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகள் தூக்கு வாளியோடு போய் வாங்கி வருவதை நான் எத்தனையோ தெருவில் பார்த்திருக்கிறேன்.

பெரிய பள்ளிவாசலில் இன்னொன்றும் உண்டு. நோன்பு திறக்கிற உணவை நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கொண்டு வந்து பரிமாறுகிறவர்கள் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது. மயிலாப்பூரில் சைவமாய்ச் சமைத்து, சாயங்காலம் வண்டியில் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து தொண்டர்கள் வரிசையாகத் தட்டு வைக்கிறார்கள். பாங்கு சொல்லும் வரை யாரும் தொடுவதில்லை. முன்னால் தட்டு இருக்க, நூற்றுக்கணக்கான பேர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிற அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை நான் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அமைதியை இந்த நகரத்தில் வேறெங்கும் கண்டதில்லை. வீடிழந்து வந்த ஒருவர், பசித்திருக்கிற இன்னொருவருக்கு நேரம் தவறாமல் சோறு கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகும் ஒரு ரம்ஜானில்கூட வண்டி பிந்தவில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்.

போன மாதம் அம்மாவை மறுபடி செகண்ட் லைன் பீச்சுக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலி, ஆட்டோவிலிருந்து இறங்கவே சிரமப்பட்டார். வண்டிக்காரர் ஸ்டூல் போட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அப்பா விட்டுப்போன வண்டியை நடத்துகிறவர். அவர் கலக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று பர்மியத்தில் கேட்டார். “தமின் சா பீ பீ லா?”

அவர் கை அப்படியே பேசினில் நின்றது. சிரித்தார். “எங்கப்பா சொல்லிக் கேட்டது அம்மா. எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியாது.”

“சோறு சாப்பிட்டியான்னு கேட்டேன். அங்கயும் ஆளைப் பார்த்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.”

“இல்லம்மா. வியாபாரம் முடிஞ்சு பத்து மணிக்குத்தான்.”

“நீ மத்தவங்களுக்குப் போடுற, உனக்கு யாரு போடுறது? ஒரு முட்டையாவது எடுத்துப் போட்டுக்க” என்று அம்மா அதட்டினார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு முட்டையைக் கீறி, பூண்டை அள்ளித் திணித்து, எங்கள் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

சித்தப்பா மகனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி, பீச் ஸ்டேஷன் வாசல், மதியம் கொஞ்சமாகச் சாப்பிடு. நோன்புக் கஞ்சிக்கு அவன் ரம்ஜானில் இன்னொரு முறை வரட்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றிருக்கிறார்.