மத்தளமும் மடிக்கணினியும்

“இந்தப் பழைய பெட்டியில் இசையமைக்க இயலாது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வா.” வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து இசை கற்க வந்த என் மாணவன் ஒருவனுக்குப் பயிற்சி நிலையமொன்றில் கிடைத்த வரவேற்பு இது. அவன் கையில் இருந்தது, அவனுடைய தாய் மத்தியகிழக்கில் வீட்டுவேலை செய்து ஈட்டிய பணத்தில் வாங்கிய, பத்தாண்டு கடந்த மடிக்கணினி. அதன் நினைவகம் 4 ஜிகாபைற். “சேர், இதெல்லாம் நமக்குச் சரிவராதா?” என்று அவன் என்னிடம் கேட்டான்.

சரிவரும். சரிவராது என்பது பொய். அதுவும் சந்தைக்கு ஊழியம் செய்யும் பொய்.

கணக்கைப் பார்ப்போம். இறுவட்டின் தரத்தில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் 2 பைற் போதும். எட்டுத் தடங்கள் ஒருசேர ஓடினாலும் வினாடிக்கு ஒரு மெகாபைற்கூட ஆகாது. பத்தாண்டுப் பழைய கணினிக்கு இது ஒரு சுமையா? பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டு நான்கு தட நாடாப் பொறிகளிலேதான் உருவாயிற்று.

அங்ஙனமாயின் கணினியைத் திணறவைப்பது எது? போலிதான். இல்லாத வயலினையும் இல்லாத பெருவாத்தியக் குழுவையும் கணித்துப் படைக்கும் மென்பொருள்களே நினைவகத்தை விழுங்குகின்றன. ஆனால் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் நம்மிடம் மெய்யாகவே உள்ளன. அவற்றின் முன் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்தால், பதிந்ததை மீட்டும் ஒலிப்பது கணினிக்கு மிக எளிய வேலை. நமது செல்வம் இலேசானது. இரவல் செல்வமே கனமானது!

செயற்கை வாத்தியமும் வேண்டுமென்போர், அதனை அமைத்து முடித்ததும் ஒலிக்கோப்பாக மாற்றிவிடட்டும். செயலியின் பாரம் இறங்கிவிடும். பாடிப் பதியும்போது இடைநினைவகத்தைச் சிறிதாகவும், ஒலிகளைக் கலக்கும்போது பெரிதாகவும் வைத்தால் விக்கலும் நிற்கும். பதிவுக்கு ஒடாசிட்டி, தாளமும் மெட்டும் கோக்க எல்.எம்.எம்.எஸ். இரண்டும் இலவசம், களவுப் பிரதியும் அதனோடு வரும் நச்சுநிரலும் நமக்கு வேண்டா.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு பொதுவாக முடிந்தது. அதற்கடுத்த பதிப்போ பல பழைய கணினிகளை வாசலிலேயே தடுக்கிறது. பொறி பழுதடையவில்லை, பழுதென்று தீர்ப்பெழுதப்பட்டது. 2022இன் நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்ததைக் கண்ட நாட்டில், அத்தீர்ப்புக்குத் தலைவணங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் அதே பொறிக்கு மறுவாழ்வு தருகின்றன.

ஏழைக்குப் பழையதே போதும் என்று நான் வாதிடுவதாக எவரும் திரித்துக் கூற வேண்டா. புதிய கருவி படுவான்கரைப் பிள்ளைக்கும் உரியதே. அது வரும்வரை அவன் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும் என்பதையே எதிர்க்கிறேன்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் ‘யாழ் நூல்’ தந்தபோது அவரிடம் எந்தக் கணினி இருந்தது? நாட்டுக்கூத்தை ஏளனஞ் செய்த காலத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்து மரபைப் பேராதனை மேடையேற்றி, ‘இராவணேசன்’ தயாரித்தளித்தார். ஏளனம் இன்று உருமாறி வந்திருக்கிறது: அன்று கலையைத் தாழ்த்தினர், இன்று கருவியைத் தாழ்த்துகின்றனர்.

ஆசிரிய நண்பர்களே! பாடசாலை மூலையில் தூசு படிந்த கணினிகளைக் கழிவென்று ஒதுக்குமுன் ஒன்றையேனும் திருத்தி மாணவர் கையில் கொடுங்கள். வடமோடியும் தென்மோடியும் அறிந்த அண்ணாவியார்கள் முதுமை எய்தி வருகின்றனர். மத்தளம் முழக்கும் விரல்கள் ஓய்ந்த பின்னர், நாம் வாங்கும் புதுக்கணினி எதைப் பதியப்போகிறது?