பேரைச் சொன்னால் போதுமா? காடிலாக் கார் சொல்லும் பாடம்

பெரிய பணக்காரர் என்றால் அவர் வீட்டு வாசலில் என்ன நிற்கும்?

இந்தக் கேள்வியை 1950-களில் அமெரிக்காவில் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

"காடிலாக் கார் நிற்கும்!"

ஜனாதிபதி ஐசனோவர் 1953-ம் ஆண்டு பதவி ஏற்ற நாளில் ஊர்வலம் வந்தது காடிலாக் காரில்தான். பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கையில் பணம் புரளத் தொடங்கியதும், 1955-ல் ஒரு காடிலாக் வாங்கினார். அதற்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசித் தன் தாயாருக்குக் கொடுத்தார். அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டும் லைசென்சே கிடையாது! ஆனால் என்ன? காடிலாக் வாசலில் நின்றாலே போதும். அதுவே பெருமை.

அமெரிக்கர்கள் பேச்சிலும் அந்தப் பெயர் புகுந்துவிட்டது. பேனாவோ, கடிகாரமோ, தையல் எந்திரமோ, எதுவானாலும் முதல் தரமானதை "இது காடிலாக் மாதிரி" என்றார்கள்.

இத்தனை பெரிய பெயர், பிறகு ஊர் சிரிக்கும் நிலைக்கு வந்தது. அதைக் கெடுத்தவர்கள் யார்? எதிரிகளா? இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களேதான்!

விலை மதிக்க வந்தவர்

1902-ம் ஆண்டு. டெட்ராய்ட் நகரம். "ஹென்றி போர்டு கம்பெனி" என்று ஒரு மோட்டார் கம்பெனி அங்கே இருந்தது. போர்டுக்கும் பணம் போட்டவர்களுக்கும் தகராறு. போர்டு வெளியேறிவிட்டார்.

"கம்பெனியை மூடிவிடலாம். எந்திரங்களை விற்றுப் போட்ட பணத்தை எடுக்கலாம்" என்று பங்குதாரர்கள் முடிவு செய்தார்கள். எந்திரங்களுக்கு விலை மதிக்க ஒருவரை அழைத்தார்கள்.

அவர் பெயர் ஹென்றி லேலண்டு. வயது 59. இளமையில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மயிரிழை அளவு பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடுவார். அப்படிப்பட்ட கண்டிப்புக்காரர்.

லேலண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "ஏன் மூடுகிறீர்கள்? என்னிடம் நல்ல என்ஜின் இருக்கிறது. அதைப் போட்டுக் கார் செய்யுங்கள்" என்றார். மூட இருந்த கம்பெனி பிழைத்தது!

புதுப் பெயர் வேண்டுமே? 1701-ம் ஆண்டு டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்தார்கள். அதுதான் காடிலாக்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பிரெஞ்சுக்காரரின் உண்மைப் பெயர் அந்துவான் லோமே. அவர் பிரபு வம்சம் அல்ல. அமெரிக்காவுக்கு வந்த பிறகு, "காடிலாக்" என்ற பட்டத்தையும் ஒரு குலச் சின்னத்தையும் தாமே சூட்டிக்கொண்டார்! அந்தச் சின்னம்தான் காரின் நெற்றியிலும் ஏறியது.

ஆக, பெயர் இரவல். சின்னமும் இரவல். லேலண்டின் வேலைதான் சொந்தம்.

மூன்று கார்களைப் பிரித்துக் குவித்தார்கள்!

முதல் காடிலாக் ஆடம்பரக் கார் அல்ல. ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட சின்னக் கார்! அந்தச் சின்னக் கார்தான் உலகப் புகழைக் கொண்டு வந்தது. எப்படி?

அந்தக் காலத்தில் ஒரு காரின் உதிரிப் பாகம் அதே கம்பெனியின் இன்னொரு காருக்குப் பொருந்தாது. தொழிலாளி அரத்தை வைத்து ராவி ராவித்தான் பொருத்துவார்.

லேலண்டு செய்த பாகங்கள் எந்தக் காடிலாக்குக்கும் பொருந்தும். இதை லண்டனில் இருந்த வியாபாரி பிரடெரிக் பென்னட் உலகத்துக்குக் காட்ட நினைத்தார்.

1908-ம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அந்தச் சோதனையை நடத்தியது. கிளப் அதிகாரிகளே மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புருக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்றையும் சுத்தமாகப் பிரித்தார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துக் கலந்தார்கள். அதோடு விட்டார்களா? 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடைச் சரக்கிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள்.

"இப்போது பூட்டுங்கள்" என்றார்கள்.

திருகுளியும் ஸ்பேனரும் போன்ற சாதாரணக் கருவிகள்தான் கையில். அரத்தைத் தொடக் கூடாது! மெக்கானிக்குகள் மூன்று கார்களையும் பூட்டினார்கள். ஒரு நிறத்துக் காரின் பாகம் இன்னொரு நிறத்துக் காரில் இருந்தது. பார்க்க கோமாளி வேஷம் போல் இருந்தது. ஆனால் என்ஜின் கிளம்பியது. மூன்று கார்களும் 500 மைல் ஓடின!

கிளப் தன் உயர்ந்த பரிசான டிவார் கோப்பையைக் காடிலாக்குக்கு அளித்தது. "உலகத்தின் அளவுகோல்" என்று கம்பெனி மார்தட்டிக் கொண்டது. மார்தட்டத் தகுதி இருந்தது!

கைப்பிடி ஒழிந்தது

1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி காடிலாக்கை விலைக்கு வாங்கியது. லேலண்டு தொடர்ந்து நிர்வாகம் செய்தார்.

அப்போதெல்லாம் காரைக் கிளப்ப, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சில சமயம் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். கை முறிந்தவர்கள் பலர்.

இதற்கு வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். இவர் முன்பு கடைக் கல்லாப்பெட்டிக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர். கல்லா திறக்க மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் பலமாகச் சுற்றினால் போதும். காருக்கும் அதே யோசனைதான்! 1912-ம் ஆண்டுக் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கை பலம் இல்லாதவர்களும் தனியாகக் காரைக் கிளப்பலாம் என்றாயிற்று. பெண்கள் பெருவாரியாகக் கார் ஓட இது வழி செய்தது. மறுபடியும் டிவார் கோப்பை!

1917-ல் லேலண்டு விலகினார். "லிங்கன்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். அது நொடித்தது. 1922-ல் அதை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஹென்றி போர்டு! போர்டு விட்டுப் போன இடத்தில் காடிலாக் பிறந்தது. லேலண்டு தோற்ற இடத்தில் போர்டுக்கு லிங்கன் கிடைத்தது. அந்த இரண்டு கார்களும் இன்றுவரை போட்டி போடுகின்றன.

வாங்க வந்தவருக்குக் கதவடைப்பு

பெருமை வந்தால் கூடவே ஆணவமும் வரும். காடிலாக்குக்கும் வந்தது.

1930-களில் அமெரிக்காவில் கடும் பணமுடை. காடிலாக் விற்பனை படுத்துவிட்டது. கம்பெனியை மூடலாமா என்றுகூடப் பேச்சு. ஆனாலும் கருப்பு இனத்தவருக்குக் கார் விற்பதில்லை என்று கம்பெனி வைராக்கியமாக இருந்தது!

பழுது பார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த நிக்கோலஸ் டிரைஸ்டாட் ஒன்றைக் கவனித்தார். பட்டறைக்குக் காடிலாக் கொண்டு வருகிறவர்களில் கருப்பு இனத்து டாக்டர்களும், பாடகர்களும், குத்துச்சண்டை வீரர்களும் இருந்தார்கள். விற்காத கார் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கியிருந்தார்கள்!

"இவர்களுக்கு நாமே நேராக விற்போம்" என்று டிரைஸ்டாட் மேலிடத்தில் வாதாடினார். அனுமதி கிடைத்தது. விற்பனை நிமிர்ந்தது. நிர்வாக இயல் அறிஞர் பீட்டர் டிரக்கர் இதைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். 1934-ல் டிரைஸ்டாட்டே காடிலாக்கின் தலைவர் ஆனார்.

மாடியில் இருந்த முதலாளிகளுக்குத் தெரியாதது, பட்டறையில் நின்றவருக்குத் தெரிந்தது. வாடிக்கைக்காரரை நேரில் பார்த்தவர் அவர்தானே!

கடுகு சிறுத்தது, காரமும் போனது!

1948-ல் காடிலாக்குக்கு வால் முளைத்தது. போர் விமானத்தின் வாலைப் பார்த்து, காரின் பின்புறத்தில் இரண்டு சிறகுகள் வைத்தார்கள். ஆண்டுதோறும் சிறகு வளர்ந்தது. 1959-ல் அது உச்சத்துக்குப் போயிற்று. ஊரே வாய் பிளந்தது.

1973-லும் 1979-லும் உலகில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரிய கார் பெட்ரோலைக் குடிக்கும். சிறிய காருக்கு மவுசு வந்தது. காடிலாக்கும் மாறித்தான் ஆக வேண்டும்.

எப்படி மாறினார்கள்?

1981-ல் புது என்ஜின் வந்தது. சிலிண்டர்கள் எட்டு. தேவைக்குத் தக்கபடி ஆறும் நாலுமாக ஓடி, பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்றார்கள். யோசனை நல்ல யோசனைதான். இன்று பல கார்களில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அன்று அரைவேக்காட்டில் விற்றார்கள். கார் குலுங்கியது. சலித்துப் போன பலர் அந்தக் கருவியின் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள்.

அதே ஆண்டில் "சிமாரான்" என்ற சின்னக் காரும் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 12,000 டாலர். வாங்கியவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அடிப்படையில் அது அதே ஜெனரல் மோட்டார்ஸ் செய்த மலிவான செவர்லே கவாலியர் கார்! உள்ளே தோல் இருக்கை போட்டு, காடிலாக் சின்னத்தை ஒட்டி, சில ஆயிரம் டாலர் கூட்டி விற்றார்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகக் கூடாது அல்லவா? இங்கே காரமும் போய்விட்டது. 1988-ல் சிமாரானை நிறுத்தினார்கள். ஆனால் கெட்ட பெயர் நிற்கவில்லை.

1998-ல் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசுக் கார் எது என்ற போட்டியில், லிங்கனை 222 கார் வித்தியாசத்தில் வென்றதாகக் காடிலாக் அறிவித்தது. மறு ஆண்டு மே மாதம், கணக்கைக் கூட்டிச் சொன்னது அம்பலமாயிற்று. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பாகங்களை மயிரிழை பிசகாமல் அளந்த லேலண்டின் கம்பெனி, எண்ணிக்கையில் பிசகியது!

போட்டியாளர்கள்தான் காரணமா?

"ஜெர்மானியக் காரும் ஜப்பானியக் காரும் வந்து காடிலாக்கைக் கெடுத்தன" என்று சொல்வோர் உண்டு. போட்டி கடுமை என்பது உண்மை. ஆனால் லேலண்டு காலத்தில் போட்டி இல்லையா? ரோல்ஸ் ராய்ஸ் பிறந்த இங்கிலாந்து மண்ணிலே போய்த்தானே அவர் கார் கோப்பை வாங்கியது?

"சின்னக் கார் செய்ததுதான் தப்பு" என்போரும் உண்டு. அதுவும் சரியல்ல. காடிலாக்குக்குப் பெயர் வந்ததே சின்னக் காரால்தான்! பெயர் கெட்டதும் ஒரு சின்னக் காரால்தான். முதல் காரில் வேலை இருந்தது. பிந்திய காரில் சின்னம் மட்டும் இருந்தது. வித்தியாசம் அவ்வளவே.

காடிலாக் அழிந்துவிடவில்லை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நிலைக்குப் போய் மீண்டபோது, காடிலாக்கை விடாமல் வைத்துக்கொண்டது. பிறகு மின்சாரக் கார்களும் செய்யத் தொடங்கியது. நல்ல பொருளாகச் செய்தால் மக்கள் மறுபடியும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பழைய அரியாசனம் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. பெயரைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். அதை மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

பாட்டன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடிப்பார் உண்டா?

பொருள் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பெயரைப் பார்ப்பது தவறு அல்ல. பெயரை மட்டும் பார்ப்பதுதான் தவறு. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கு முன், "சின்னத்தை எடுத்துவிட்டால் இந்தப் பொருள் இந்த விலை பெறுமா?" என்று கேளுங்கள். பெறும் என்றால் வாங்குங்கள். பெறாது என்றால், எவ்வளவு பெரிய பெயரானாலும் கடையை விட்டு இறங்குங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு சொல். முன்னோர் சேர்த்த நல்ல பெயர் உங்கள் கையில் இருந்தால், அதைச் செலவு செய்து சாப்பிடாதீர்கள். இன்றைய வேலையால் அதில் ஒரு காசாவது கூட்டி வையுங்கள்!