கடைசி ஆள் வரும்வரை பந்தயம் முடியவில்லை

தமிழ்நாட்டில் இன்று ஓட்டப் பந்தயம் நடத்தாத ஊர் குறைவு. ரோட்டரி சங்கம் நடத்துகிறது, கல்லூரி நடத்துகிறது, மருத்துவமனை நடத்துகிறது, காலையில் சேர்ந்து ஓடும் பத்துப் பேர் கூடியும் நடத்துகிறார்கள். மூன்று கிலோமீட்டரோ பத்துக் கிலோமீட்டரோ, எல்லாவற்றுக்கும் மினி மாரத்தான் என்றே பெயர். பணம் கட்டினால் ஒரு டி-ஷர்ட், ஒரு செஸ்ட் நம்பர். ஓடி முடித்தால் கழுத்தில் பதக்கம், கையில் பொங்கல் தட்டு. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நடத்துகிறவர்கள் மனத்திலும், வேடிக்கை பார்க்கிறவர்கள் மனத்திலும், ஓடுகிறவர்களில் பலர் மனத்திலும்கூட ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. பந்தயம் முந்துகிறவர்களுக்கு உரியது. பின்னால் வருகிறவர்கள் கூட்டம் சேர்க்க வந்தவர்கள். முதல் மூன்று பேர் கோட்டைத் தாண்டிவிட்டால் பந்தயம் முடிந்துவிட்டது. “நடக்கறதுன்னா வீட்டுப் பக்கமே நடந்துக்கலாமே, இதுக்குப் பணம் கட்டி வரணுமா?” என்று மெதுவாக ஓடுகிறவரிடம் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. ஆளைச் சாய்த்துவிடக்கூடிய தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொங்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் பங்குனி மாதத்தில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஐந்தரைக்குக் கொடியசைப்பதாக அறிவித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, பேசி முடித்துக் கொடியசைத்தபோது மணி ஆறேகாலைத் தாண்டியிருந்தது. முன்னால் நின்ற பையன்களுக்கு அந்தத் தாமதத்தால் பெரிய நஷ்டமில்லை. வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குத்தான் முக்கால் மணி நேரக் குளிர்ச்சி பறிபோனது.

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு தண்ணீர் மேசை. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். காலியான இருபது லிட்டர் கேன்களை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டிருந்தான் என்.எஸ்.எஸ். பனியன் போட்ட ஒரு மாணவன். நசுங்கிய பேப்பர் கப்புகள் தார்ச் சாலையில் உருண்டுகொண்டிருந்தன. எனக்குச் சற்று முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சுடிதாருக்கு மேலே பந்தய டி-ஷர்ட்டை மாட்டி, நெஞ்சில் நம்பரைக் கோணலாகக் குத்தியிருந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது.

“தம்பி, கொஞ்சம் தண்ணி.”

“முடிஞ்சுதுங்கக்கா. எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க.”

“பின்னாடி இன்னும் ஆளுங்க வர்றாங்களே கண்ணு.”

பையன் என்ன செய்வான்? அவனுக்கு வந்த உத்தரவு அப்படி. எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். அந்த அம்மா குடித்துவிட்டு, முந்தானை இல்லாததால் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஓடத் தொடங்கினார். முடிவிடத்தில் காற்றடைத்த வளைவு பாதி சரிந்து கிடந்தது. மேடையில் பரிசளிப்பு விழா உச்சத்தில் இருந்தது. பதக்கம் தீர்ந்துவிட்டதாகவும் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார்கள். எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில்தான் இருந்தது. அப்படியிருந்தும் பதக்கம் தீர்ந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. மூன்று மணிக்கே எழுந்து வந்து கூம்பு வைத்தவர்கள் அவர்கள். பந்தயம் முடிந்துவிட்டது என்று உளமார நம்பினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நான் மனிதர்களோடு சண்டை போடாமல் அந்த நம்பிக்கையோடு சண்டை போடுகிறேன்.

தண்ணீர் யாருக்கு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டரை 36 நிமிடத்தில் முடிக்கிற பையன் ஒரு மிடறும் குடிக்காமல் ஓடிவிடுவான். கப்பைத் தொடக்கூட மாட்டான். அதே தூரத்துக்கு 100 நிமிடம் எடுப்பவர் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் சாலையில் இருக்கிறார். அதிலும் வெயில் உறைக்கிற பகுதி முழுவதும் அவர் பங்குக்குத்தான் வருகிறது. வயது கூடியவர், எடை கூடியவர், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர், முதல் தடவையாக ஓடுகிறவர் எல்லாம் அந்தப் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள். மருத்துவ உதவி அதிகம் தேவைப்படக்கூடிய நேரத்தில் ஆம்புலன்ஸ் முடிவிடத்துக்குப் போய் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

தண்ணீரை மட்டும் வைத்தாலும் போதாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துபோயிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருந்தவர்களுக்கும், ஓடும்போது குடித்துக் குடித்து எடை கூடியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம் என்று அது சொன்னது. மாரத்தான் தூரம் வேறு, பத்துக் கிலோமீட்டர் வேறு. ஆனாலும் மெதுவாக ஓடுகிறவரின் உடம்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். தாகத்துக்கு ஏற்ற அளவு தண்ணீர், கூடவே உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் போதும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா?

அடுத்தது பணம். சிறு பந்தயங்களில் ஸ்பான்சர் கொடுப்பது ஃப்ளெக்ஸுக்கும் மேடைக்கும் சரியாகப் போகும். மிச்சத்தைச் சுமப்பது நுழைவுக் கட்டணம். அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதி நடுவரிசையிலும் கடைசி வரிசையிலும் ஓடுகிறவர்கள் கட்டியது. முதல் பரிசுக்கான காசோலைக்கும் அவர்கள் பணம்தான் போகிறது. பணத்தை வாங்கும்போது ‘அனைவரும் வாரீர்’ என்று அழைத்துவிட்டு, வந்த பிறகு ‘ஏன் வந்தீர்’ என்று கேட்பது முறையல்ல.

“அதெல்லாம் சரி, பந்தயம்னா போட்டிதானே?” என்பார்கள். போட்டிதான். ஆனால் யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்று முடிவு கட்டியவர்கள் ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போனதுதான் ஓட்டத்தின் வரலாறு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துக் கிடந்ததைப் பத்திரிகைகள் பெரிதாக ஊதின. இது பெண் உடம்புக்கு ஆகாது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. இன்று அந்தத் தடையை நியாயப்படுத்துகிறவர்கள் அரிது. வேகம் இல்லாதவருக்குச் சாலையில் என்ன வேலை என்ற கேள்வியும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான்.

பெரிய பந்தயங்கள் சில மிகச் சிறிதாகவே பிறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970-இல் முதல் நியூயார்க் மாரத்தான் சென்ட்ரல் பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடப்பட்டது. கட்டணம் ஒரு டாலர். பதிவு செய்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். லண்டனில் உள்ள புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் கட்டணமே இல்லாமல் நடக்கும் பார்க்ரன். அங்கே ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு தன்னார்வலருக்குக் கடைசியாக வருவதுதான் வேலை. எல்லாருக்கும் பின்னால் அவர் நடந்து வருவார். ஆகவே ஓட வந்தவர் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை; தனியாக விடப்படுவதும் இல்லை. எவ்வளவு எளிய ஏற்பாடு! இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

பெரிய பந்தயங்களும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. 2019 லண்டன் மாரத்தானில் கடைசி வரிசையினர் ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்புரவு வண்டிகள் அவர்களை நெருக்கின. உடம்பைச் சொல்லிக் கேலியும் நடந்தது. புகார் எழுந்ததும் அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 2011 அக்டோபரில் டொராண்டோவில் ஃபௌஜா சிங் தம் நூறாவது வயதில் மாரத்தானை முடித்தார். ஆன நேரம் எட்டு மணி பதினோரு நிமிடம். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. அவர் கடைசிச் சில நூறு மீட்டரை ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவிடத் தடுப்புகளைக் கழற்றி, விளம்பரத் தட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று வென்றவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபௌஜா சிங்கை உலகமே அறியும்.

எதிர்வாதங்களில் நியாயமானதும் உண்டு. காவல்துறை எட்டு மணி வரைதான் அனுமதி தருகிறது. அதற்கு மேல் சாலையை அடைக்க முடியாது. மாணவர்கள் பசியோடு நிற்கிறார்கள். நான்கு பேர் கைகோத்துச் சாலையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தபடி நடந்தால் பின்னால் வருகிறவருக்கு எரிச்சல் வருகிறது. உண்மை. ஆகவே நேர வரம்பு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரம், 12 மணி நேர வரம்பு. ஒரு நொடி தாண்டினாலும் பதக்கம் இல்லை. அவ்வளவு கண்டிப்பான விதி. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது மணி நேரத்தின் கடைசி நிமிடங்களில்தான் அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. கடைசியாகக் கோட்டைத் தொட்டவர் பெயர் மறுநாள் செய்தியில் வருகிறது. வரம்பு வைப்பது மரியாதைக் குறைவு ஆகாது. வரம்பை முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதும், சொன்ன வரம்புக்கு முன்பே மேசையை மடக்குவதும்தான் மரியாதைக் குறைவு.

செய்ய முடிந்தவை எத்தனையோ உண்டு. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நேரத்தில் கொடியசைக்கலாம். மெதுவாகப் போகிறவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே அனுப்பலாம். கடைசி ஆளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு தன்னார்வலர் வரட்டும். அவர் கடந்த பிறகுதான் மேசையை எடுக்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். நம் பக்கத்திலேயே ஆரோவில் மாரத்தானில் நேரமும் குறிப்பதில்லை, பரிசும் இல்லை. ஓடுவதன் மகிழ்ச்சி ஒன்றுக்காகச் செம்மண் பாதையில் ஆட்கள் வருகிறார்கள். எல்லாப் பந்தயமும் அப்படி இருக்க வேண்டியதில்லை. அப்படியும் ஒரு பந்தயம் நடத்த முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கிறது.

வேகமாக ஓடுகிற பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விளையாட்டு விடுதியிலிருந்து பஸ் ஏறி வந்து, பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்து, பரிசுப் பணத்தில் அடுத்த ஜோடி ஷூ வாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குரிய பரிசும் மேடையும் குறையவே கூடாது. சாலையில் களைத்து நடக்கிறவரைப் பார்த்து “விடாதீங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்” என்று திரும்பி வரும்போது குரல் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். பந்தயம் முந்துகிறவர்களுக்கே உரியது என்ற நம்பிக்கையைக் கட்டிக் காப்பவர்கள் பெரும்பாலும் ஓடாதவர்கள்.

மெதுவாக ஓடினால் உடம்புக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரி 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஓடுகிறவர்களுக்கு இதய நோயால் சாகும் ஆபத்து ஓடாதவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் ஓடியவர்களுக்கும் தெளிவான பலன் இருந்தது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நம் ஊரில், விழிப்புணர்வு ஓட்டம் என்று பேனர் கட்டுகிறவர்கள் யாரை எழுப்ப நினைக்கிறார்கள்? ஏற்கெனவே ஓடுகிறவனையா?

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இது. ஒரு சிறு நகரத்தில் நாற்பது வயதைக் கடந்த பெண் மெயின் ரோட்டில் ஓட முடிகிற நாள் ஆண்டில் எத்தனை? மற்ற நாட்களில் நாய் துரத்தும், பைக்கில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான், “என்னக்கா, பஸ்ஸைப் பிடிக்கப் போறீங்களா?” என்று கடை வாசலிலிருந்து ஒரு குரல் வரும். அவர் விடிவதற்கு முன் மொட்டை மாடியில் நடப்பார், தெருவை நான்கு தடவை சுற்றுவார். பந்தய நாளில்தான் போலீஸ்காரரே வண்டியை நிறுத்தி அவருக்கு வழி விடுகிறார். அன்று ஊரின் சாலை அவருடையது. சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளை எழுப்பாமல், இருட்டில் வீட்டைவிட்டு வந்து அந்த நம்பரை நெஞ்சில் குத்திக்கொள்கிறார். அப்படி வந்தவரிடம் ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் முடிந்துவிட்டது என்று சொன்னால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார். அவரால் முடிந்தது, பந்தயம் நடத்தியவர்களால்தான் முடியவில்லை.

அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டும் முன் நீங்கள், எவ்வளவு வேகமாக ஓடுகிறவராக இருந்தாலும் சரி, அமைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். கடைசி ஆள் வரும்வரை தண்ணீரும் ஆம்புலன்ஸும் பதக்கமும் இருக்குமா என்று கேளுங்கள். இருக்கும் என்று எழுதித் தருகிற பந்தயத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.