காலடியில் ஒரு கணப்பு

மகாவலி வளைந்தோடும் எங்கள் குண்டசாலையில் குளிர் ஒரு பெருந்துன்பமன்று. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் விரும்பி மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் இது. மார்கழி, தை மாதங்களின் விடியற்பொழுதில் சீமெந்துத் தரையிற் கால் வைக்கும்போது மட்டும் உடல் சற்றே சிலிர்க்கும். நுவரெலியாவின் நிலை வேறு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரிற் சில அதிகாலைகளிற் புல்லின்மேல் உறைபனியே படிந்துவிடும்.

சென்ற தை மாதம் அங்கே உறவினர் இல்லத்தில் ஓரிரவு தங்கினோம். முதியவரான என் அத்தைக்கு இதமாக இருக்கட்டுமென்று, தணல் நிறைந்த சட்டியொன்றை அவர் அறையில் வைத்து, கதவையும் யன்னலையும் இறுகச் சாத்தினார்கள். நள்ளிரவில், "தலை சுற்றுகிறதே!" என்று அத்தை தள்ளாடியபடி வெளியே வந்தார். வந்ததனாற் பிழைத்தார். கரி அரைகுறையாய் எரியும்போது எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை; மணமுமில்லை. உறங்குபவரை அது உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

நெருப்பின் சூடு வேண்டும். நெருப்பு அறைக்குள் வேண்டாம். இதற்கு வழியுண்டா, நேயர்களே?

உண்டு. பண்டை உரோமர் சிறு செங்கற்றூண்களின்மீது தளத்தை எழுப்பி, அதன் அடியிற் சூளையின் வெங்காற்றை ஓடவிட்டனர். கொரிய நாட்டார் அடுப்பின் புகையைக் கற்பலகைகளின் கீழே செலுத்தினர். ஒரே நெருப்பிற் சோறும் வெந்தது, தரையும் சூடேறியது. 'ஒண்டொல்' எனப்படும் அம்முறையின் மரபைத் தென்கொரியா 2018ஆம் ஆண்டு தன் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. காசுமீரத்துப் பள்ளிவாசல்களிலும் வசதி படைத்த இல்லங்களிலும் கற்றளத்தின் கீழ் விறகெரித்துச் சூடேற்றும் 'ஹமாம்' அறைகள் உள்ளன.

இதன் நன்மை யாது? கணப்பு காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்றோ கூரையை நோக்கி எழுகிறது. தலை வெதுவெதுக்கும், கால் விறைக்கும். தரையே சூடானால், காலை வெயிலைப் போல் வெப்பம் கதிர்களாகப் பரவி உடலைத் தொடும். பரப்பு அகன்றிருப்பதால் மிதமான சூடே போதும். இக்காலத்தில் தரைக்கடியிற் குழாய்களைப் பதித்து, பெரும்பாலும் 35 முதல் 45 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரை ஓடவிடுகிறார்கள். மக்கள் நடமாடும் தரையின் சூடு 29 பாகையைத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய நியமம். இரைச்சலில்லை, தூசி கிளம்புவதும் குறைவு, குழந்தை கையைச் சுட்டுக்கொள்ள அறையில் அனல் கக்கும் பொருளுமில்லை. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் வாழும் நம் உறவினர் பலர் இத்தரைகளை அறிவர். பாய் விரித்து அமரும் நமக்கு இதைவிட உகந்தது எது?

குறைகளும் உண்டு. அமைக்கும் செலவு அதிகம்; சூடேறவும் நேரம் பிடிக்கும். கவனம் பிசகினால் ஆபத்தும் வரும். 1960களிலும் 1970களிலும் கொரிய வீடுகளிற் கரிக்கட்டிகளை எரித்தபோது, தரை வெடிப்புகளின் வழியே அதே நச்சுவாயு கசிந்து பலரைக் கொன்றது. வெந்நீர்க் குழாய்கள் பரவிய பின்னரே அத்துயர் குறைந்தது.

நம் மலைநாட்டு எளிய இல்லங்களுக்கு இவ்வசதி எட்டாததாக இருக்கலாம். அதன் தத்துவம் எட்டாததன்று. காலுக்குச் சூடு கொடு. நெருப்பை வெளியே நிறுத்து. குளிர்ந்த தரையிற் படுக்காமற் பலகையிட்டு, அதன்மேற் பாய் விரிக்கலாம். வெந்நீர்ப் போத்தலை நன்றாக மூடித் துணியிற் சுற்றிக் காலடியில் வைக்கலாம். பூட்டிய அறைக்குள் தணற்சட்டி மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

அந்த இல்லத்தில் இப்போது தணற்சட்டி முற்றத்தோடு நின்றுவிட்டது. அத்தையின் காலடியில் வெந்நீர்ப் போத்தல் ஒன்று இருக்கிறது. அவரும் விடியும்வரை நிம்மதியாக உறங்குகிறார்.