வாடிவாசல் வீரமும் வாய் திறவா வெட்கமும்

அலங்காநல்லூர் என்றதும் தமிழன் நெஞ்சு நிமிர்கிறது. தைத் திங்களில், சீறிவரும் காளையின் திமிலைத் தழுவத் திரள்கின்றனர் இளைஞர். கொம்புக்கு அஞ்சாத கூட்டம்! ஆனால், வீட்டிலே தாய்க்கு மாதக்கணக்கில் உதிரம் கசிந்தால், "மருத்துவமனைக்குப் போவோம், வா அம்மா" என்று கூற எத்தனை பேருக்கு நா எழுகிறது? 'பெண்கள் சமாச்சாரம்' என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். நோயோ திரும்பிப் போவதில்லை!

கருப்பைவாய்ப் புற்றுநோய் விதியின் விளையாட்டன்று, முன்வினைப் பயனுமன்று. எச்.பி.வி. எனும் கிருமியின் வேலை. உடலுறவின்போது தோலோடு தோல் உரசப் பரவுவது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றும் தடுக்காது. மிகப் பலரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்லும் கிருமி இது. பெரும்பாலும் ஈராண்டுக்குள் உடலே அதனை விரட்டிவிடும். விரட்ட இயலாது தங்கிவிட்டால், பல்லாண்டு பதுங்கியிருந்து புற்றுநோயாக மாறும். அவ்வாறு மாறுவனவற்றில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம் 16, 18 எனும் இரு வகைகளே. நோயுற்றவளின் ஒழுக்கத்தை அளக்கப் புறப்படும் நாக்குகளுக்குச் சொல்வேன்: ஒருவனையே மணந்து வாழ்ந்தவளுக்கும் இது வரும், கொண்டுவந்தவன் கணவனாகவும் இருக்கலாம் — அவனும் அறியாமலே!

"ஏழை என்ன செய்வாள்?" என்பீரோ? பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டம் பதில் கூறிற்று. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவினால், பழுதுற்ற இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவே! சோதனை நடவாத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்தது என 2007-இல் 'லான்செட்' ஏடு வெளியிட்டது. மாளிகை மருத்துவமன்று, மண்குடிசை மாதரைக் காத்தது!

தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயதுக்குள், கிருமி அண்டும் முன்பே போடுவது சிறப்பு. 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் என 2025-இல் தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஊசி போட்டவளும் 30 வயதில் சோதனைக்குச் செல்லவே வேண்டும்.

தோழர்களே! பணம் ஒதுக்குவது அரசின் வேலை. வெட்கத்தை ஒதுக்குவது நம் வேலை. மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீட்டிலே வாய்மூடிக் கிடப்பது உரிமைப் போராகாது. தாயிடம், துணைவியிடம், தமக்கையிடம் இன்றே கேளுங்கள்: "சோதனை செய்து கொண்டாயா?" திமிலைப் பற்றும் கை, தாயின் கையையும் பற்றி மருத்துவமனை வாயில்வரை நடக்கட்டும். அதுவும் வீரமே!