சொல்லும் பொருளும்: கலீபா

"கலீபா என்பவர் முஸ்லிம்களின் பாப்பரசர்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்போம். பிறர் சமயத்தை நம் அளவுகோலால் அளக்கும்போது இத்தகைய பிழை நேர்வது இயல்பே. ஆயினும், அயலாரைச் சரியாக அறிந்துகொள்வதும் அன்பின் கடமையன்றோ? எனவே இத்திங்கள் அச்சொல்லை ஆராய்வோம்.

அரபு மொழியில் கலீபா என்றால் 'பின் வருபவர்', 'ஒருவருக்குப் பதிலாக நிற்பவர்' என்பது பொருள். திருக்குர்ஆனில் இச்சொல் ஒருமையில் ஈரிடங்களில் வருகின்றது. ஒன்று, மண்ணுலகில் முதல் மனிதரை இறைவன் ஏற்படுத்தும் இடம். மற்றொன்று, நீதியுடன் தீர்ப்பு வழங்குமாறு தாவீது அரசருக்குக் கட்டளையிடும் இடம். ஈரிடத்தும் மனிதர் பெறுவது உரிமையன்று, பொறுப்பே.

கி.பி. 632-இல் முகமது நபி மதீனாவில் காலமானார். இறைத்தூது அவரோடு நிறைவுற்றது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஆதலால், அவருக்குப்பின் சமுதாயத்தை வழிநடத்த முன்வந்த அபூபக்கர் புதிய நபியாகவன்றி, நபியின் கலீபாவாக மட்டுமே விளங்கினார். தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு அவர் மக்களிடம் வேண்டினார் என வரலாற்று நூல்கள் கூறும்.

அவருக்குப்பின் வந்த உமர், உதுமான், அலி ஆகிய மூவரும் கொலையுண்டனர். தலைமை யாருக்கு உரியது என்னும் கேள்வி சமுதாயத்தையே பிளந்தது. அலியும் அவர்தம் வழித்தோன்றல்களுமே உரியவர்கள் எனக் கொண்ட ஷியா பிரிவினர், தம் தலைவரை 'இமாம்' என்றனர். கி.பி. 661 முதல் டமாஸ்கசில் உமையா மரபினரும், 750 முதல் அப்பாசிய மரபினரும் கலீபாக்களாயினர். பொறுப்பு குலவுரிமையாகி, அரியணையில் அமர்ந்தது.

ஆயினும் அந்த அரியணைக்கு ஓர் எல்லை இருந்தது. கி.பி. 833-இல் கலீபா மாமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்னும் கோட்பாட்டை ஏற்குமாறு அறிஞர்களை வற்புறுத்தினார். அகமது இப்னு ஹன்பல் என்னும் அறிஞர் இணங்கவில்லை. அவர் சிறைப்பட்டார், அடுத்த கலீபாவின் காலத்தில் கசையடியும் பட்டார், அப்போதும் பணிந்தாரில்லை. பின்வந்த கலீபா முத்தவக்கில் அக்கட்டாயத்தைக் கைவிட்டார். சன்னி முஸ்லிம்களிடையே மறைபொருளை விளக்கும் பணி அறிஞர்களிடமே நிலைத்தது. கலீபாவைப் பாப்பரசருக்கு ஒப்பிடுதல் பொருந்தாமைக்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்று.

கி.பி. 1258-இல் மங்கோலியர் பாக்தாத்தைச் சூறையாடிக் கலீபாவைக் கொன்றனர். பிற்காலத்தில் துருக்கியின் உதுமானிய சுல்தான்கள் அப்பட்டத்தைத் தாங்கினர். முதல் உலகப்போருக்குப்பின் அதனைக் காக்க நம் நாட்டில் எழுந்த கிலாபத் இயக்கத்தைக் காந்தியடிகள் ஆதரித்தார். ஆயினும் 1924 மார்ச் 3-ஆம் நாள் துருக்கி நாடாளுமன்றமே அப்பதவியை ஒழித்தது.

'பின் வருபவர்' என்று தம்மை அழைத்துக்கொள்பவர், தமக்கு முன்னே ஒருவர் இருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறார். அதை நினைவில் கொண்டோரும் உண்டு, மறந்தோரும் உண்டு. பொறுப்பு ஏற்கும் எவரும், குடும்பத் தலைவர் உட்பட, எண்ணிப் பார்க்கத்தக்க சொல் இது.