கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள் ஐயா

அத்தை மகன் பைக் விபத்தில் இறந்தபோது அவனுக்கு 19 வயது. மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு வந்த பாஸ்டர் யோவான் 15ஆம் அதிகாரத்தைத் திறந்தார். "கவாத்து பண்ணுனாத்தானம்மா செடி செழிக்கும்? தேவன் உங்களைக் கவாத்து பண்றாரு" என்றார். அத்தை குனிந்து பாயின் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நாங்கள் ஆமென் சொன்னோம். நானும்தான். அந்த ஆமென் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

தோட்டம் கற்றுத்தரும் ஆவிக்குரிய பாடங்கள் என்று நம் மேடைகளில் ஓயாமல் பேசுகிறார்கள். கவனித்துக் கேளுங்கள். களையைப் பிடுங்கு, கிளையை வெட்டு, காய்க்காத மரத்தைச் சாய். தோட்டத்திலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது கத்தியை மட்டும்தான். எருக்குழியைப் பற்றி ஒருவரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவர்களிடம் போய்க் கேட்கலாம். குச்சி முற்றியிருக்கிறதா என்று பார்த்து, மொட்டுகளை எண்ணி, இந்தக் கணுவுக்கு மேலே என்று முடிவு பண்ணித்தான் வெட்டுவார்கள். வெட்டினது ஒரு நாள் வேலை. அதன்பிறகு எரு, தண்ணீர், மருந்து, பந்தலில் இழுத்துக் கட்டுவது என்று ஏறக்குறைய நாலு மாசம் கொடியோடுதான் குடித்தனம். முக்கியமான விஷயம், வெட்டுவது அந்தக் கொடி பிழைப்பதற்காக. ஒரு கொடி செழிக்க இன்னொரு கொடியை வேரோடு பிடுங்கினால் அதற்குப் பெயர் கவாத்து இல்லை. என் அத்தை மகன் அத்தையின் உபரிக் கிளை இல்லை ஐயா. அவனே ஒரு கொடி.

வேதத்தையாவது ஒழுங்காகப் படித்தார்களா? நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'சுத்தம்பண்ணுகிறார்' என்கிறது. அடுத்த வசனமே, அந்தச் சுத்தம் உபதேசத்தால் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று சீஷர்களிடம் சொல்கிறது. லாரி மோதி நடந்தது என்று எங்கே இருக்கிறது? அதே அதிகாரத்தில் எரிக்கப்படும் கிளைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தோட்டக்காரர் பிதா என்றும் அங்கேயே இருக்கிறது. பாஸ்டரும் கொடியில் ஒரு கிளைதான். கிளையின் கையில் கத்தரிக்கோல் எப்படி வந்தது?

களை விஷயம் இதைவிட மோசம். சாதி மாறிக் கட்டிக்கொண்ட பெண், சபைக் கணக்கைக் கேட்ட பையன், எல்லாரும் களை. மத்தேயு 13இல் வரும் அந்தக் களை கதிர் வரும்வரை கோதுமை மாதிரியே இருக்கும். நம் நெல்வயலில் குதிரைவாலிப் புல் நிற்பதுபோல. இளம்பயிரில் அனுபவசாலி கையே தடுமாறும். வேர்கள் பின்னிக் கிடக்கும்போது ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் வரும். அதனால்தான் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரர்களை எஜமான் வேண்டாம் என்கிறான். பிரிப்பது அறுவடையில், அதுவும் தேவதூதர்கள் வேலை. இந்த உவமையைப் படித்துவிட்டுத்தான் ஆள் நீக்குகிறார்கள் என்றால், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் லூக்கா 13இல் வரும் தோட்டக்காரன். மூன்று வருஷமாய்க் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். கூலிக்காரன் மறித்துப் பேசுகிறான். இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான். சாணி அள்ளத் தயாரான ஆள் அவன். அடுத்த வருஷம் மரம் காய்த்ததா? இயேசு சொல்லவே இல்லை. கதையை அப்படியே விட்டுவிட்டார். நம்மாட்கள் அதற்கும் ஒரு முடிவைக் கட்டி, "ஒரு வருஷந்தான் டைம், ஜாக்கிரதை" என்று மிரட்டுகிறார்கள். மறித்துப் பேசியவனை மறந்துபோய்க் கோடரியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

துக்க வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்திருக்கலாம். வசனம் வேண்டாம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சியைக் குடிக்கவைத்திருந்தால் போதும்.

சாவதற்கு முந்தின மாசம் அவன் பின்வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தான். அந்தக் கோடையில் அது காய்ந்து குச்சியாகிவிட்டது. பிடுங்கிப் போட்டுட்டு வேறே வைக்கலாமே என்று மாமா சொல்லிப் பார்த்தார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள் அத்தை. போன வாரம் நான் போனபோதும் புளித்த மோரைத் தண்ணீர் விட்டுக் கலக்கி அதன் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.